மூசி நதிக்கு அப்பால்

ஸிகந்தராபாத்தில் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வழிபடப் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் உண்டு. இட்டிலிக்கும் காப்பிக்கும் அலைய வேண்டுவதில்லை. இவற்றுக்கு நடுவே பதினோர் ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாங்கள், மூசி நதிக்கு அப்பாலுள்ள பழைய நகரத்தை, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால்தான் எட்டிப் பார்ப்போம். 1591-இல் கட்டப்பெற்ற சார்மினாரைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடுவோம்.

ஒரு நாள் எங்கள் மகள், "பள்ளியில் என்னை அரவப் பெண் என்கிறார்கள், பாட்டி வீட்டில் ஹைதராபாத்காரி என்கிறார்கள். எதுதான் அம்மா என் ஊர்?" என்று கேட்டாள். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஞாயிறன்று, இந்த ஊரை ஒரு முறையேனும் நடந்து பார்ப்போமென்று விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

நிஜாம்கள் வாழ்ந்த புரானி ஹவேலி அரண்மனைப் பக்கம் 'சார் கோனி நான்' என்னும் நான்கு மூலை ரொட்டி பெயர் பெற்றது. அங்கே 1851-இல் தோன்றிய முன்ஷி நான் கடையே அதன் புகழுக்குக் காரணம். கனலும் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்டி, வெந்ததும் கம்பியால் இழுத்தெடுக்கிறார்கள். சைவ உணவினரான நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுசென்ற உருளைக்கிழங்குக் கறியுடன் அதைச் சூட்டோடு உண்டோம்.

பின்னர் சார்மினாருக்கருகே ஓர் இரானி தேநீர்க் கடையில் நுழைந்தோம். டிகாக்ஷன் ஒருபுறம், சுண்டக் காய்ச்சிய பால் ஒருபுறம். கேட்கும்போது இரண்டையும் கலக்கிறார்கள். நம் வீட்டுக் காப்பி முறையேதான்! கடைசி நிஜாமின் பெயர் தாங்கிய உஸ்மானியா பிஸ்கட்டில் இனிப்பும் உப்பும் ஒன்றாய் இருந்தன. பரிமாறியவர் தக்கனி உருதுவில் ஏதோ வினவினார். நாங்கள் விழித்தோம். மகளோ, "நக்கோ" என்று சிரித்தபடி மறுத்துவிட்டு, "இன்னொரு தட்டு வேண்டுமா என்கிறார், அப்பா" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உண்மை புலனாயிற்று. பாரசீகத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொணர்ந்த தேநீர் இன்று இவ்வூரின் தேநீராகிவிட்டது. எங்கள் மகளும் என்றோ இவ்வூர்ப் பெண்ணாகிவிட்டாள். தமிழும் அவள் நாவில் குறையவில்லை. அயலாராய் நின்றவர்கள் நாங்கள்தாம்.

அன்பர்களே! கோயிலும் காப்பியும் நமக்கு என்றும் வேண்டும். ஆயினும் ஒரு ஞாயிறு காலையில் குழந்தைகளுடன் மூசியைக் கடந்து பாருங்கள். வழிகாட்ட அவர்களே போதும்.