ரோடு அகலம் பண்றீங்களா, சார்?

கையில் செல்போனும் சின்ன நோட்டுமாக மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். பத்தே நிமிஷத்தில் நீங்கள் அரசாங்க ஆசாமி ஆகிவிடுவீர்கள்!

"ரோடு அகலம் பண்றீங்களா சார்? எங்க வீடு இடிபடுமா?" என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. 2018-ல் எட்டு வழிச்சாலைக்காக திருவண்ணாமலைப் பக்கத்து வயல்களில் கல் நட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை.

"இல்லீங்க ஐயா, இருக்கிற ரோட்டைத்தான் படம் போடறேன். சம்பளம்கூடக் கிடையாது."

"சம்பளம் இல்லாமயா இந்த வெயில்ல சுத்துற?" அந்த நிமிஷமே 'சார்' பட்டம் பறிபோனது!

விஷயம் இதுதான். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று ஓர் உலக வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் வரையலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நாம் பைக்கில் போகப் போக, செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். வந்த வழியைப் புள்ளி புள்ளியாகப் பதிந்துகொள்ளும். ராத்திரி கம்ப்யூட்டரில் அதன் மேல் கோடு இழுத்தால், ரோடு ரெடி!

கோடு இழுக்க மணலூர்பேட்டை வரை வரவே வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அமெரிக்காவில் உட்கார்ந்தே இழுக்கலாம். ஆனால் மழை பெய்தால் அந்த ரோட்டில் பஸ் வருமா, தெருவுக்கு என்ன பேர்? அதெல்லாம் ஆகாயத்திலிருந்து தெரியாது. உள்ளூர்க்காரரைத்தான் கேட்க வேண்டும்.

தை மாச ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண இங்கே வருகிறார். அவருக்கு வழி தெரியும். நமக்குத்தான் வரைபடம் வேண்டியிருக்கிறது!

இதே ஆற்றின் மேல்பக்கம், அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் ஒரு பாலம் கட்டினார்கள். 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர். பாலம் போயே போய்விட்டது!

அதற்கு முந்தைய படத்தை நம்பி, பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு நடுராத்திரியில் ஒரு வேன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால்? கரையில் நின்று கண்ணால் பார்த்த ஒருவர், வரைபடத்தில் அந்த ஒரு கோட்டை வெட்டிவிட்டால் போதும். வேன் வேறு வழியில் போய்விடும். ரோடு வரைவதைவிட, 'இங்கே ரோடு இல்லை' என்று சொல்வது சில சமயம் பெரிய புண்ணியம்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகிறீர்களா? உங்கள் தெருப் பேரைத் தமிழிலேயே சேர்த்துவிட்டு வாருங்கள். சம்பளம் மட்டும் கேட்காதீர்கள்!