நடந்து வருகிறவருக்கு என்ன குறை?

விபத்தில் காலை இழந்தவருக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது ஒரு வேலை. தலையில் அடிபட்டவருக்கு வாங்கித் தருவது முற்றிலும் வேறு வேலை. காலை இழந்தவர் ஊன்றுகோலுடன் கூண்டில் ஏறும்போதே வழக்கில் பாதி சொல்லி முடிந்துவிடும். மூளையில் காயம்பட்டவரோ தானே நடந்து வருவார். நீதிபதிக்கு வணக்கம் வைப்பார். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்து, "நல்லா நடந்து வர்றார், கேட்டதுக்குப் பதில் சொல்றார், கையெழுத்துப் போடறார். இவருக்கு என்ன குறை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குரிய பதிலைத் தேடித் திரட்டிக் கோர்ட்டின் முன் வைப்பதுதான் நான் நாமக்கல்லில் செய்துவரும் தொழில்.

எங்கள் ஊருக்குச் சோறு போடுவது லாரி. பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், பக்கத்தில் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள் என்று இந்த வட்டாரமே சக்கரத்தின் மேல் நிற்கிறது. லாரிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் எட்டு மணி நேரத்தோடு ஸ்டியரிங்கை விடும் டிரைவர் அரிது. கண் சொருகும்போது நிறுத்த இடம் கிடைக்காமல் ரோட்டோரத்திலேயே வண்டியைப் போட்டுவிட்டுப் படுக்கிறார். பார்க்கிங் விளக்கு எரிவதில்லை. பின்பக்க ரிஃப்ளெக்டர் மண் படிந்து மங்கிக் கிடக்கிறது. அடுத்தவருக்கு ஆபத்தாகும்படி வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வேண்டும், அது டிரைவர் வீட்டு அடுப்பை அணைத்து வரக் கூடாது என்பதற்காகத்தான் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது.

பள்ளிபாளையத்துத் தறி மேஸ்திரி ஒருவரின் வழக்கு இந்தத் தொழிலின் எல்லாக் கஷ்டங்களையும் எனக்குக் காட்டியது. வயது 34. ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியில், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதினார். மூளைக்கு மேல் ரத்தம் கட்டியது. வீக்கம் தணியட்டும் என்று மண்டை ஓட்டின் ஒரு பகுதியை டாக்டர்கள் வெட்டி எடுத்து, அவருடைய வயிற்றுத் தோலுக்கடியிலேயே பத்திரப்படுத்தி, பிறகு மீண்டும் பொருத்தினார்கள். உயிர் தப்பியது. ஆனால் தறிப்பட்டறைக்கு அவரால் திரும்ப முடியவில்லை.

இப்படிப்பட்ட வழக்கில் முதல் தடை எஃப்.ஐ.ஆரிலேயே வந்துவிடும். மூளை அடிபட்டவருக்கு விபத்து நடந்த கணம் பெரும்பாலும் நினைவில் பதிவதே இல்லை. முன்னும் பின்னும் பல நாட்கள்கூட அழிந்து போயிருக்கும். அவர் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது எதிர்த்தரப்புதான். "பைக்கை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார்" என்ற வாசகம் ஏறிவிடும். அடிபட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

அதனால் விபத்து இடத்தைப் பற்றிப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். லாரி தார் ரோட்டின் மேல் நின்றதா, மண்ணில் இறங்கி நின்றதா? பின்விளக்கு வேலை செய்ததாக ஆய்வாளர் எழுதியிருக்கிறாரா? அந்த இடத்தில் தெருவிளக்கு உண்டா? முதலில் ஓடிவந்தவர் டீக்கடைக்காரரா, ஆம்புலன்ஸ் ஊழியரா? டோல்கேட் பதிவைப் பார்த்தால் லாரி எத்தனை மணிக்குக் கடந்தது, எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று கணக்குப் போடலாம். கிரிமினல் வழக்கில் கேட்கும் அளவுக்கு ஐயமற்ற நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். எஃப்.ஐ.ஆர். தொடக்கம் மட்டுமே, கடைசி வார்த்தை அல்ல என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன்.

அடுத்தது காயத்தின் கனம். இங்கே என் முதல் ஆவணம் லட்சக்கணக்கில் வந்த பில் அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி டாக்டர் அவசரமாக எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், நாங்கள் சொல்லும் ஏ.ஆர். காப்பி. கொண்டுவந்தபோது நினைவு இருந்ததா, வாந்தி எடுத்தாரா, காதில் ரத்தம் வந்ததா, ஜி.சி.எஸ். எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஜி.சி.எஸ். என்பது 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண். நல்ல நினைவோடு இருப்பவருக்கு 15, எதற்கும் அசையாதவருக்கு 3. எட்டோ அதற்குக் கீழோ இருந்தால் கடுமையான காயம். மேஸ்திரிக்கு 7 என்று எழுதியிருந்தார்கள். பின்னாளில் அவர் எவ்வளவு நன்றாக நடந்து வந்தாலும் அந்த 7-ஐ யாராலும் அழிக்க முடியாது.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சி.டி. ஸ்கேன் ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். வேகமாகக் குலுங்கியதில் மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருந்தால், பல நேரம் அதில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் கொஞ்சம் தெரியலாம். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற வரியை வைத்து மனிதர் நார்மல் என்று முடிவு கட்ட முடியாது.

ஸ்கேனில் இல்லாதது வீட்டில் இருக்கிறது. இந்த வழக்குகளின் முக்கிய சாட்சி டாக்டர் அல்ல, மனைவியோ தாயோதான். அவர்களிடம் "ஞாபக மறதி இருக்கா?" என்று கேட்டால் "இருக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை கோர்ட்டில் நிற்காது. "காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். மேஸ்திரியின் மனைவி தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மாத்திரை போட்டதே மறந்து மறுக்காவும் போடறாருங்க. டப்பாவ ஒளிச்சு வெச்சிருக்கறன். அடுப்புல பால வெச்சுட்டு அப்படியே வெளிய போயிடறாரு. முன்னால அதட்டிக்கூடப் பேசமாட்டாருங்க, இப்பப் பையன் கிட்டப் போகவே பயப்படறான். எங்க பெரியப்பா எழவு வீட்டுல எல்லாரும் அழுதுட்டிருக்கறப்பச் சிரிச்சுப் போட்டாருங்க. அன்னைலருந்து நாங்க எங்கயும் போறதில்லைங்க. நானும் மில்லு வேலைய விட்டுட்டன்."

மூளையின் முன்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்குவதும், இடம் பொருள் அறிந்து நடப்பதும், ஒரு வேலையைத் தொடங்கி வரிசையாக முடிப்பதும் கெட்டுப்போகும் என்று நரம்பியல் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் பாடம் முழுவதும் இந்த அம்மாவின் ஐந்தாறு வாக்கியங்களில் இருந்தது. அதைச் சாட்சியமாக்கி, மேஸ்திரியை வேலைக்கு வைத்திருந்த தறி முதலாளியையும் கூண்டில் ஏற்றினேன். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நாடா தட்டுகிறது என்று சொன்ன மனிதர், விபத்துக்குப் பிறகு ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என்று முதலாளி சொன்னார். அதற்கும் மேல் நரம்பு உளவியல் சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இருக்கிறது. கவனம், நினைவாற்றல், திட்டமிடுதல் ஆகியவற்றை அளந்து, அதே வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிடும். மனைவி சொன்னது மிகை என்ற வாதம் அந்த அறிக்கையின் முன் அடங்கிவிடும்.

பிறகு வருவது சதவீதச் சண்டை. மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று எழுதினால், சம்பாத்திய இழப்பும் 40 சதவீதம்தான் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரிலேயே தெளிவாக்கிவிட்டது. உடல் ஊனம் எவ்வளவு என்று டாக்டர் சொல்லலாம். அதனால் அந்த மனிதர் பார்த்த தொழிலில் எவ்வளவு போயிற்று என்று தீர்மானிப்பது வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். மேஸ்திரியின் மாதச் சம்பளம் 18,000 ரூபாய். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ஆண்டுக்கு 3,02,400. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்பப் பெருக்கும் எண் அவருக்கு 16. முழு இழப்பு என்றால் 48,38,400 ரூபாய். 40 சதவீதம் என்றால் 19,35,360. இடையில் நிற்கும் ஏறக்குறைய 29 லட்சம், "தறி ஓட்ட மூளை வேண்டும்" என்பதை நிரூபிக்க முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.

அத்தோடு முடியவில்லை. அந்த அம்மா விட்ட மில் வேலைக்கு என்ன விலை? மாத்திரை டப்பாவை ஒளித்துவைத்து, அடுப்பைக் காவல் காத்து, ராத்திரி விழித்திருக்கும் உழைப்புக்கு என்ன கூலி? மனைவிதானே பார்க்கிறாள் என்று அதைச் சுழியம் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி கொடுத்த ஒரு தீர்ப்பை இதற்காகவே கையில் வைத்திருக்கிறேன். 2007-இல் ஹரியானாவில் பெற்றோருடன் டிராக்டரில் போன 12 வயதுச் சிறுமியை லாரி மோதி, அவள் மூளை கடுமையாகச் சேதமடைந்தது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் 25 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் அதை 62,27,000 ரூபாயாக்கியது. அதில் 21,60,000 ரூபாய் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்காக மட்டும். சம்பாத்தியத்துக்குப் போடும் அதே பெருக்குக் கணக்கைப் பராமரிப்புக்கும் போட்டார்கள். மேஸ்திரிக்கு ஒரு ஆளுக்கு மாதம் 8,000 என்று வைத்தாலே 15,36,000 வரும். அந்தக் கணக்கை மனுவிலேயே எழுதிக் கேட்டேன். கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்காத தலைப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கிய விதி காலத்தைப் பற்றியது: மனுவைச் சீக்கிரம் போடு, ஊனத்தை அவசரப்பட்டு அளக்காதே. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தலையில் அடிபட்டவரின் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதமும் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே போய்விடும். அவர் சுயநினைவோடு கையெழுத்திட முடியாவிட்டாலும், அவர் சார்பில் குடும்பத்தார் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆனால் மூளை தேறுவது மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீளும். எது திரும்பி வரும், எது வராது என்று தெரியுமுன் லோக் அதாலத்தில் ஒரு தொகைக்குத் தலையாட்டினால், பிறகு வலிப்பு வந்தாலும் மீண்டும் போய்க் கேட்க முடியாது. நஷ்டஈடு ஒரே ஒரு முறைதான் தீர்மானிக்கப்படும். மீதி ஆயுள் முழுவதையும் அந்த ஒரு நாளில் கணக்கிட்டாக வேண்டும்.

மேஸ்திரியின் வழக்கில் தீர்ப்பாயம் லாரி தரப்பின் மீதே பெரும்பங்கு பொறுப்பைச் சுமத்தியது. சம்பாத்திய இழப்பை முழு இழப்பாக ஏற்றது. பராமரிப்புக்குத் தனித் தொகை கொடுத்தது. பெரும்பகுதி வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது, வட்டி மாதாமாதம் மனைவியின் கைக்கு வருகிறது. மேஸ்திரி குணமாகவில்லை. ஆனால் அந்த அம்மா கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சட்டத்தால் தர முடிந்த நீதி அவ்வளவுதான், அதையாவது முழுதாக வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஏ.ஆர். காப்பியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ஃபிலிம்களையும் தொலைக்காதீர்கள். விபத்து நடந்த இடத்தை அதே வாரம், அதே நேரத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அவர் இன்று எதை மறந்தார், எதற்குக் கோபப்பட்டார், யார் வேலையை விட்டு உடன் இருந்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆறு மாதம் முடியுமுன் வக்கீலைப் பாருங்கள். "ஆளு நல்லாத்தானே இருக்கார்" என்று யார் சொன்னாலும், வீட்டில் நடப்பதை வெட்கப்படாமல் கோர்ட்டில் சொல்லுங்கள்.