பொட்டு வைத்த ஸ்விட்ச்

அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவும் நானும் நியூஜெர்ஸி போய்ச் சேர்ந்த மறுநாளே அத்தான் எச்சரித்திருந்தார். சமையலறைச் சுவரில் அடுத்தடுத்து இரண்டு ஸ்விட்சுகள். ஒன்று விளக்குக்கு; மற்றது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தொங்கிய குப்பை அரைக்கும் இயந்திரத்துக்கு.

“சாக்கடைக்கு ஒரு கிரைண்டரா!” என்று அம்மா அதிசயித்தாள். விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஜான் ஹாமெஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் கண்டுபிடித்ததாம். ஆனால் எங்கள் அத்தான் வீட்டுக்கு ஆற்றுக்கு அப்பால், நியூயார்க் நகரத்தில், 1997 வரை இதற்குத் தடை இருந்தது. பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்குமா என்ற பயந்தான்.

மூன்றாம் நாள் மாலை, மிஞ்சிய சோற்றையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் அம்மா ஒரேயடியாக உள்ளே தள்ளினாள். தொட்டியில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஸ்விட்சை அணைத்தாள், வளையலை ஏற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். நம் ஊரில் சாக்கடை அடைத்தால் வேறென்ன செய்வோம்?

“இருட்டாக இருக்கிறதே, விளக்குப் போடுகிறேன்” என்று நான் சுவரில் கை வைத்தேன்.

“தொடாதே!”

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் அக்கா நின்றாள். என் விரல் இருந்தது மற்ற ஸ்விட்சின் மேல்!

இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இயந்திரத்தில் கத்தி கிடையாது. சுழலும் தட்டிலுள்ள இரும்புத் துண்டுகள் குப்பையைச் சுற்றுவளையத்தில் மோதித் தேய்க்கின்றன. ஆகவே நார் அறுபடாமல் சுற்றிக்கொள்ளும்; சோறு பசையாகிக் குழாயை அடைக்கும். எண்ணெயோ ஆகவே ஆகாது. வெந்நீரில் உருகிப்போகும் நெய், தூரத்தில் ஆறி உறைந்துவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்து, பிறகு இயந்திரத்தைப் போட்டு, கொஞ்சங் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சத்தம் அடங்கிய பின்னும் சிறிது நேரம் தண்ணீர் ஓடட்டும். சிக்கிக்கொண்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இடுக்கியால்தான் எடுக்கலாம். அடிப்புறத் துளையில் ஆறுபட்டைச் சாவியை முன்னும் பின்னும் திருப்பி, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் ஓடும். நாற்றம் வந்தால் எலுமிச்சைத் தோல் போடுகிறார்கள். உண்மையில் நாற்றம் இருப்பது ரப்பர் மூடியின் அடிப்பக்கத்தில்! அதைத் தேய்த்துக் கழுவியவள் அம்மாதான்.

மறுநாள் காலை அந்த ஸ்விட்சின் மேல் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. சக்கைக்குத் தனியாக ஒரு டப்பாவும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் ஊர் திரும்பி இரண்டு வருஷமாகிறது. பொட்டை அத்தான் இன்னும் எடுக்கவில்லையாம்.