தளர்ந்துபோன கண்டன்சர்

சித்திரை வெயிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், நம் வீடுகளில் பழி முதலில் வோல்டேஜ் மேல்தான் விழும். பக்கத்து அறை ஃபேன் பறந்துகொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. பெரும்பாலும் குற்றவாளி ஃபேனின் கப்புக்குள் ஒளிந்திருக்கும் கண்டன்சர்.

சீலிங் ஃபேனில் இரண்டு காயில்கள். ஒன்றின் கரண்ட் மற்றதைவிடச் சற்று முந்தி ஏறி இறங்கினால்தான் காந்தப்புலம் சுழலும். அப்படி முந்த வைப்பதே கண்டன்சரின் வேலை. அது செத்தால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும். இறக்கையைக் கையால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கம் நகரும்.

ஆனால் ஃபேன் கண்டன்சர் ஒரே நாளில் சாவது அபூர்வம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. தாளில் எங்காவது பொத்தல் விழுந்தால் பொறி கிளம்பி, சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிவிடும். ஷார்ட் அதோடு நிற்கும், கண்டன்சர் பிழைக்கும். எனக்கு இதில் மிகப் பிடித்த சங்கதி இதுதான். பிழைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகும். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டது சில வருடங்களில் ஒன்றரையாகிவிடலாம், ஃபேனும் மெதுவாகிவிடும்.

டிவி, சார்ஜர்களில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் வேறு ஜாதி. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கலாம். உள்ளிருக்கும் திரவம் சூட்டில் காய்ந்து, பல சமயம் தலை உப்பித் தானே காட்டிக்கொடுக்கும். ஃபேன் கண்டன்சரின் தளர்ச்சி வெளியே தெரிவதில்லை.

அதனால்தான் அந்தப் பழைய பிளக் சோதனை எனக்கு ஆகாது. கண்டன்சரை 230 வோல்ட்டில் சொருகி எடுத்து, முனைகளை உரசிப் பொறி பார்ப்பார்கள். அலையின் உச்சியில் எடுத்திருந்தால் 325 வோல்ட் தேங்கியிருக்கும். அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது எடுத்திருந்தால் ஒன்றுமே இராது. நல்லது தோற்கும், தளர்ந்தது 'டப்'பென்று தேறும். 1746-ல் லைடன் நகரத்தில் விஞ்ஞானி முஸ்ஸன்புரூக், கண்டன்சரின் ஆதி வடிவமான கண்ணாடிக் குடுவையில் சார்ஜ் சேர்த்து அடிவாங்கினார். அவருக்கு உடம்புதான் மீட்டர். நமக்கு என்ன கேடு?

மெயினை அணைத்து, கண்டன்சரைக் கழற்றி, முனைகளுக்கு நடுவே ஒரு குண்டு பல்பைக் கோத்து சார்ஜை இறக்கிவிட்டு, மல்டிமீட்டரின் கண்டன்சர் ரேஞ்சில் வையுங்கள். மேலே ஐந்து சதவீதம் கூடக் குறைய என்று போட்டிருந்தால் 2.5 கண்டன்சர் 2.375-க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கியிருந்தால் மாற்றுங்கள், அதே அளவிலேயே. கடையில் 3.15 எடுத்துக் கொடுத்து, "நல்லா ஓடும் சார்" என்பார்கள். ஓடும், காயிலும் கூடுதலாகச் சூடாகும்.