குளிக்கப் பயப்படும் பிள்ளை

குளிக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளை கத்தி அழுதால் அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எமது வழக்கம். இரண்டு அடி போட்டு, தலையில் வாளியைக் கவிழ்த்துத் துடைத்து விட்டால் அலுவல் முடிந்தது என்று எண்ணுகின்றோம். அந்த அழுகைக்குப் பின்னால் பயம் இருக்கின்றதா என்று பார்ப்பவர்கள் குறைவு. முல்லைத்தீவு மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று தாய்மாரைச் சந்திக்கும் பணியில் இருப்பதனால் இதைப் பற்றி எழுத விரும்புகின்றேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தின் பின்னர் ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். இரவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து பாடசாலைக்குக் கொண்டுபோயிருக்கின்றார். வீடு திரும்பிய நாள்முதல் பிள்ளை கிணற்றடிக்கு வர மறுத்தது.

“வாளியைக் கண்டாலே கத்துறாள் மிஸ். அடிச்சும் பாத்திட்டன். பிள்ளை வளக்கத் தெரியாதவள் எண்டு அயலுக்குள்ள கதைக்கினம்” என்று அவள் அழுதாள். அம்மம்மா நாவூறு என்று சொல்லி நூல் கட்டுவித்திருந்தார்.

பேசிக்கொண்டிருக்கையில் இன்னொன்றும் வெளிவந்தது. 2009 இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவள். “ஒரு வாளித் தண்ணிக்கு விடியமுன்னம் வரிசையில நிண்டனாங்கள் மிஸ். இப்ப கிணறு நிறையத் தண்ணி கிடக்கு, இவள் வேண்டாம் எண்டுறாள். அதுதான் எனக்கு அடக்கேலாத கோவம் வருது” என்றாள். தண்ணீர் இல்லாமல் தவித்தவள் தாய். தண்ணீர் பெருகி வந்ததால் பயந்தது பிள்ளை. இதைத் தன் வாயால் சொன்ன பிறகு, அடிப்பதை நிறுத்துகின்றேன் என்று அவளே சொன்னாள். கோபம் ஏறினால் பிள்ளையை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவது என்றும் முடிவாகியது.

முதல் ஒரு வாரம் தண்ணீர் வார்க்கவே இல்லை. இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து, அறைக்குள் வைத்தே முகம், கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கு எல்லாம் துடைத்தாள். அடுத்து முற்றத்து நிழலில் ஒரு பேசினில் இரண்டு விரல் அளவு தண்ணீர். பிள்ளை தன் பாவைப்பிள்ளையைக் குளிப்பாட்டியது. கோப்பை பிள்ளையின் கையிலேயே இருந்தது. தகப்பன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு குளித்தார். பிறகு “இப்ப காலுக்கு வாக்கப் போறன்” என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, பாதத்துக்கு மட்டும் தண்ணீர். சில நாள் கழித்து முழங்கால், பிறகு இடுப்பு. தலை கடைசியாக. அதையும் முதலில் ஈரத்துணியால் துடைத்து, பின்னர் கண்ணைப் பொத்திக்கொள்ள மடித்த துவாய் ஒன்றைக் கையில் கொடுத்துச் சிறிது சிறிதாக வார்த்தாள்.

இடையில் ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்ட, பிள்ளை மறுபடியும் பயந்துவிட்டது. மூன்று நாள் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் பாதத்திலிருந்து தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பிள்ளை தானாகவே பேசினுக்குள் இருந்தது.

வெள்ளம் பாராத பிள்ளைக்கும் இந்தப் பயம் வரலாம். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இது சாதாரணம். கண்ணில் சவர்க்காரம் பட்டிருக்கலாம். தண்ணீர் சுட்டிருக்கலாம், வழுக்கி விழுந்திருக்கலாம், தண்ணீர் மோட்டாரின் சத்தம் பயமுறுத்தியிருக்கலாம். காது வலி, தோலில் புண் இருந்தாலும் பிள்ளை அழும். ஆகவே முதலில் உடம்பைப் பாருங்கள். வலி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பேசினில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்மேல் சுடுநீரைக் கலந்து, முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே பிள்ளையை இறக்குங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பயம் போன பிள்ளை தண்ணீரைத் தேடிப் போகும். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும். குளிக்கும்போது ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வாளியையும் பேசினையும் கவிழ்த்து வையுங்கள். கட்டில்லாத கிணற்றைச் சுற்றி வேலி அடையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் பயம் குறையாமல், பிள்ளை இரவில் அலறி எழும்பினால், சாப்பிட மறுத்தால், பேச்சுக் குறைந்தால், உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உங்கள் மனதுக்கே பாரமாக இருந்தால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அயலில் ஒரு பிள்ளை கிணற்றடியில் கத்தி அழுவது கேட்டால், தாயைக் குறை சொல்லாமல் எழுந்து போங்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தாய் தன் கோபத்தை ஆற்றிக்கொள்வாள்.