சூடு ஏறும் வேனும் கழற்றி வீசிய தெர்மோஸ்டெட்டும்



வலப்பனைப் பக்கம் பழைய வேன் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொறுமையாக வாசித்தால் உங்கள் காசு மிச்சமாகும்.

நாங்கள் இருவர். ஒருவர் பாடசாலை ஆசிரியர், மற்றவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். வேன் பிட்டருடையது, பழைய டொயோட்டா லைட் ஏஸ். இரவில் தொழிற்சாலையில் ரோலரோடு மல்லுக்கட்டிவிட்டு, காலையில் லயத்துப் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலையில் இறக்குவார். நடு இரவில் யாருக்காவது நெஞ்சு வலியோ பிரசவ வலியோ வந்தாலும் அந்த வேனின் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே ராகலைப் பக்கம் ஏறும்போது வெப்ப முள் சிவப்பைத் தொட ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் குறைந்துகொண்டே போனது. எங்கே ஒழுகுகிறது என்று தேடினால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. காட்டிய இடத்தில், “என்ஜினையே மாத்துங்க” என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை பிட்டரின் பல மாதச் சம்பளம். வேறு வேன் வாங்குவதைப் பற்றி நினைக்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு வரும் விலை நமக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. உடைக்கிறவருக்கு விற்றுவிடலாமா என்றுகூட பேச்சு வந்தது. விற்றால் இரண்டாம் தவணையில் அந்தப் பிள்ளைகள் நடக்க வேண்டியதுதான்.

“சேர், நீங்க புத்தகத்தப் பாருங்க. நான் ஸ்பெனரப் பாத்துக்கிறேன். நாமளே கழட்டுவோம்” என்றார் பிட்டர். வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே வேனை நிறுத்தினோம்.

முதலில் நோய் எதுவென்று பார்த்தோம். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தது. சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று அர்த்தம். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், எங்களுடையது சுத்தமாக இருந்தது. கீழ்ப் பாகம் தப்பித்தது, ஹெட் கெஸ்கட்தான் போயிருக்கிறது என்று முடிவெடுத்தோம்.

இந்த வேனில் இருப்பது 2சி டீசல் என்ஜின், 1974 சிசி. பிளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் இரும்பைவிட அலுமினியம் அதிகமாக விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, இடையில் இருக்கும் கெஸ்கட் எரிந்துவிடும்.

முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்தோம். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் பற்சக்கரங்களின் குறிகளை வெள்ளைப் பெயின்டால் அடையாளம் வைத்தோம். டீசல் என்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. பெல்ட் பல் மாறினால் இரண்டும் மோதிக்கொள்ளும். காட்போட் மட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து துளையிட்டு, போல்ட்களை அதனதன் இடத்திலேயே செருகி வைத்தோம். ஹெட் போல்ட்களைத் தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கும், இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கும் போக வேண்டும். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

ஹெட்டைத் தூக்கியதும் காரணம் கண்ணில் பட்டது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு இடையில் கெஸ்கட் கருகியிருந்தது. தண்ணீர் வழிகளில் செங்கல் நிறத்தில் துரு. தெர்மோஸ்டெட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன்பு ஏதோ ஒரு கராஜில், “இது இருந்தாத்தான் சூடேறும்” என்று அதைக் கழற்றி வீசியிருக்கிறார்கள்.

நம்ம ஊரில் பரவலாக நடக்கிற வேலை இது. தெர்மோஸ்டெட் இரண்டு வேலை செய்கிறது. என்ஜின் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் வழியை மூடி, சீக்கிரம் சூடாக்கும். சூடானதும் அந்த வழியைத் திறந்து, பக்கத்திலுள்ள குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே என்ஜினுக்குத் திரும்பிவிடும். சமதரையில் இது தெரியாது. சுமையோடு மலை ஏறும்போது காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது குற்றவாளி பீலித் தண்ணீர். வெறும் தண்ணீர் இரும்பைத் துருவாக்கும், அலுமினியத்தை அரிக்கும். மூன்றாவது, தளர்ந்துபோன ரேடியேட்டர் மூடி. நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை ஏறத்தாழ 20 பாகை கூடும். கீழ்நாட்டில் தப்பிக்கிற பழைய மூடி, நம்ம மலையில் தப்பிக்காது.

ஹெட்டை உரச் சாக்கில் சுற்றிக் கண்டி பஸ்ஸில் ஏற்றினோம். புத்தாண்டு என்பதால் லேத் பூட்டிக் கிடந்தது. திறக்கும் வரை நாட்களை எண்ணினோம். வெடிப்பு இருந்தால் வேன் கதை அதோடு முடிந்தது. சிங்கள பாஸ் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டுச் சிரித்தார். வெடிப்பு இல்லை, வளைவு மட்டும்தான். அல்ஹம்துலில்லாஹ். முகத்தைச் சீவி வாங்கி வந்தோம். புது கெஸ்கட்டைப் பழையதன் தடிப்புக் குறியோடு ஒப்பிட்டு வாங்கினோம்.

புது தெர்மோஸ்டெட்டைப் பூட்டும் முன் சோதித்தோம். சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஆய்வுகூட வெப்பமானியை வைத்தோம். வேனில் போகும் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அதில் பொறித்திருந்த எண் 82. முள் அதை நெருங்கியதும் வால்வு மெதுவாக வாய் திறந்தது. “சேர், தொறக்குது!” என்று கத்தினார்கள். கரும்பலகையில் பல வருடம் விளக்கியும் வராத விளக்கம் அன்றைக்கு வந்தது.

பூட்டி முடித்து, டீசல் குழாயில் காற்றெடுத்து, செல்ப் அடித்தோம். மூன்றாவது தடவையில் இருமிக்கொண்டு பிடித்தது. மறுநாள் ராகலை ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் தவணை முதல் நாளே பிள்ளைகள் வேனில்தான் வந்தார்கள்.

வேன் வைத்திருக்கும் சகோதரர்களே, கராஜில் யாராவது தெர்மோஸ்டெட்டைக் கழற்றச் சொன்னால், “அது ஏன் வச்சிருக்காங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். கூலண்ட் ஊற்றுங்கள். மூடியின் ரப்பரைப் பாருங்கள். முள் ஏறினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள், சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம். இவற்றுக்கு ஆகும் செலவு ஹெட்டைக் கழற்றும் செலவில் ஒரு துண்டுதான்.

இந்த மலையில் ஒரு பழைய வேன் நின்றால், அதை நம்பியிருக்கும் பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும். இதைவிட நல்ல முறை தெரிந்த பாஸ்மார் எங்களுக்கும் சொல்லித் தாருங்கள்.