சுமையும் தவக்குலும்

பயணம் புறப்படுமுன் மூட்டையை நிறுத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? வல்லம் வடகாலில், ஒரகடம் செல்லும் சாலைக்கு அருகே குடியிருக்கும் நமக்கு அந்தப் பழக்கம் தொழிலால் வந்தது. புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளும் கன்டெய்னர் வண்டிகளும் இரவு பகலாக ஓடும் இப்பகுதியில், பல ஆண்டுகள் எடைமேடையில் சீட்டு எழுதியவர் நாம். காலி எடை, மொத்த எடை, நிகர எடை என்னும் மூன்று எண்களுக்குள்ளேயே நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வாழும் நம் மகன், சென்ற ரமலானுக்குப் பின் ஒரு செய்தி சொன்னார். மண்சாலைக்கென்றே உறுதியாகக் கட்டப்பட்ட காரவான் ஒன்றை, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டை, வாங்கியிருக்கிறாராம். “அத்தா, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜூலையில் வாருங்கள். ஐவரும் பாலைவெளிக்குப் போய்வருவோம்” என்றார். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் 40 பாகையைத் தாண்டும். நம் ஆடி மாதமே அவர்களுக்குக் குளிர்காலம். பயணத்துக்கு ஏற்ற காலம்.

எங்கே போவது என்பதை நாமே சொன்னோம். அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 680 கிலோமீட்டரில் மர்ரீ என்னும் சிற்றூர் உண்டு. காரவான் என்பது பாரசீகச் சொல். வணிகக் கூட்டம் என்பது அதன் பொருள். அச்சொல்லுக்குரிய மெய்யான கூட்டம் அவ்வழியே நடந்திருக்கிறது. 1860ல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்போர்னுக்குக் கப்பலேறின. அவற்றோடு ஒட்டகம் ஓட்டுவோரும் சென்றனர். பின்னர் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்றார்கள். வெள்ளையர் அனைவரையும் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தனர். குதிரையும் மாடும் தளர்ந்த வெளியில் ஆட்டு ரோமத்தையும் உணவையும் தண்ணீரையும் சுமந்தவை அவர்களுடைய ஒட்டகங்களே. மர்ரீயில் அவர்கள் மண்ணால் ஒரு பள்ளிவாசல் கட்டித் தொழுதார்கள். அடிலெய்டு நகரில் 1888-89ல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவ்வழியே ஓடிய இரயிலுக்கு ‘கான்’ என்ற பெயர் அவர்களாலேயே வந்தது என்பார்கள். 1920களில் மோட்டார் லாரிகள் பெருகவே அவர்கள் தொழில் நலிந்தது. பெயர் தெரியாத அந்த முஸ்லிம்களின் கப்ருகளுக்கு ஒரு ஸலாம் சொல்லிவர வேண்டும் என்பது நம் நிய்யத்து.

மகனுக்கு அதற்கு மேலும் ஆசை இருந்தது. மர்ரீயிலிருந்து ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை 620 கிலோமீட்டர் மண்பாதை. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் அயர் உப்பு ஏரியின் ஓரமாகச் செல்வது. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் போனால் அபராதம். வண்டி பழுதானால் அதை விட்டு நடக்கக்கூடாது, நிழலில் காத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள முதற்பாடம்.

நாம் காகிதமும் பேனாவும் எடுத்தோம். காரவானின் காலி எடை 2,420 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,900. ஆகச் சுமக்கக்கூடியது 480. இரு தொட்டித் தண்ணீர் 190 கிலோ, இரு எரிவாயு உருளை 36. மீதம் 254. மகன் அனுப்பிய பட்டியலோ 344! ஜெனரேட்டர், வெளி அடுப்பு, கருவிகள், படுக்கை. இவற்றோடு துணைவியார் ஏற்றச் சொன்ன 25 கிலோ அரிசியும். காரின் கணக்கு இன்னும் மோசம். அது சுமக்கக்கூடியது 640. காரவானின் மூக்கு காரின் கொக்கியில் அழுத்தும் பாரம், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 290. அதையும் காரே தாங்க வேண்டும். ஐவரின் எடை 310. கூரைத் தட்டு, டீசல் கேன், குளிர்பெட்டி முதலியன 110. எழுபது கிலோ மிகை.

சொன்னோம். “அத்தா, இங்கே எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்” என்றார். குரலில் வருத்தம் இருந்தது. கடன் வாங்கிப் பெற்றோருக்காகச் செய்த ஏற்பாட்டில் குறை சொன்னால் எந்த மகனுக்கும் மனம் நோகும். “ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். நான்கு நாள் அழைப்பு வரவில்லை. துணைவியார் நம்மைக் கடிந்தார்: “பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டதற்கு எடை போட்டுக் காட்ட வேண்டுமா?” அந்த நான்கு இரவும் நமக்கும் உறக்கமில்லை. எனினும் பின்பாரம் மிகுந்து வால் ஆடிய ட்ரெய்லர், இழுக்கும் வண்டியையே புரட்டிய காட்சியை இதே சாலையில் கண்டவர் நாம். பேரனும் அந்த வண்டியில் அல்லவா இருப்பான்! சுமை மிகுந்தால் ஒட்டகம் எழ மறுத்துக் கனைக்கும். வண்டி மறுக்காது, நாம்தான் மறுக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் சுப்ஹுக்குப் பின் மகன் அழைத்தார். “2,990 காட்டியது, அத்தா.” சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: ஊட்னடாட்டா இம்முறை வேண்டாம், மர்ரீயோடு திரும்பிவிடலாம். அதனால் டீசல் கேனும் கூரைத் தட்டும் தேவையில்லை. ஜெனரேட்டரும் வெளி அடுப்பும் இறங்கின. துணைவியாரும் அரிசியை ஐந்து கிலோவாகக் குறைத்தார். மகன் தம் ஆசையில் 620 கிலோமீட்டரை இறக்கி வைத்தார். அதைவிடப் பெரிய சுமையை யாரும் இறக்கவில்லை.

தண்ணீரில் மட்டும் ஒரு லிட்டரையும் குறைக்க நாம் சம்மதிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். கட்டுவது என்பதில் நிறுப்பதும் அடங்கும் என்பது இம்முறைதான் விளங்கியது.

பயணத்துக்குரிய கஸ்ர் தொழுகையைப் பேரனுக்கு மகன் கற்றுக்கொடுத்து வருகிறார். கிப்லாவைக் கணக்கிட்ட பேரன் வியந்து சொன்னான்: மர்ரீயிலும் மேற்கே சற்று வடக்காகத்தான் நிற்க வேண்டுமாம், வல்லம் வடகாலில் நாம் நிற்கும் திசையும் ஏறத்தாழ அதுவே. ஜூலையில், இன்ஷா அல்லாஹ், அங்கே ஒரு வக்து தொழுவோம். அதற்கு முன் மகன் மறுபடியும் எடைமேடை ஏறப் போகிறார்; சீட்டை நமக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வாசகப் பெருமக்கள் துஆச் செய்ய வேண்டுகிறோம்.